ஏழாம் கயத்தில் தட்டும் சத்தம்

1

மன்னாரிலிருந்து பேசுகிறவர்கள் சுகம் விசாரித்து முடித்ததும் ஒரே கேள்விக்கு வருகிறார்கள்: இப்ப என்ன வேலை? பதினெட்டு வருடம் களஞ்சியமொன்றில் பெட்டி ஏற்றி இறக்குகிறேன் என்றபோது ஒருவரும் மேற்கொண்டு கேட்டதில்லை. இப்போது செய்வதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூட நண்பர் ஒருவர், "அதுக்கும் கனடாக்காரன் சம்பளம் குடுக்கிறானோ?" என்று கேட்டார்.

இந்த மாதத்துடன் நான் ரொறன்ரோவுக்கு வந்து இருபத்தாறு வருடம் நிறைகிறது. ஒவ்வொரு வருடமும் இதே நாளில் நாட்குறிப்பில் ஒரு பக்கம் எழுதுவேன்: உடல்நிலை, வீட்டுநிலை, பிள்ளை. இம்முறை ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. அதனால் ஊரில் உள்ளவர்களும் படிக்கட்டும் என்று ஒழுங்காக எழுதுகிறேன்.

வேலை இதுதான். வட இந்தியாவின் பெரிய ஆறொன்றில், ஆறு வளைந்து திரும்பும் இடங்களில் ஆழமான கயங்கள் உண்டாகின்றன. அந்தக் கயங்களில்தான் ஆற்று ஓங்கில்கள் தங்குகின்றன. நாங்கள் கடலில் ஓங்கில் என்று சொல்லும் டொல்பினின் ஆற்று உறவு. மிகக் குறைந்துபோன இனம். பத்துக் கயங்களில் நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்திருக்கிறார்கள். அது பதிவுசெய்வதை இங்கே பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்புகிறார்கள். நான் வோபர்னில் உள்ள எங்கள் அப்பாட்மென்றில், காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்கிறேன். வியாழக்கிழமைகளில் ஆய்வுகூடத்துக்கே போகிறேன்.

இந்த விலங்குக்குக் கண் ஏறக்குறையத் தெரியாது. கலங்கல் தண்ணீரில் கண் இருந்தும் பயனில்லை. ஓயாமல் சிறு ஒலி விட்டு, அது பட்டுத் திரும்பி வருவதைக் கொண்டு வழியையும் மீனையும் அறிகிறது. அந்த ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. பதிவை மெதுவாக்கி ஓடவிட்டால் கேட்கும்: ஈர உப்பைச் சூடான சட்டியில் போட்டதுபோல் ஒரு பொரிவு. மெல்லிய நைலோன் வலை நூல் அந்த ஒலிக்குச் சுலபமாகப் பிடிபடுவதில்லை. ஓங்கிலின் கேடு அதில்தான்.

முதுகு போய், களஞ்சிய வேலை போய், மறுபயிற்சி அலுவலகத்தில் மூன்று தடவை ஒரே படிவத்தை நிரப்பிய பிறகு கிடைத்த வேலை. நான் ஒழுங்குக்காரன் என்பதால் நிலைத்தது. ஒரு பதிவையும் அரைகுறையாகக் கேட்டு அனுப்பியதில்லை.

மனைவி ரீற்றாவுக்கு இதில் ஒரு முறைப்பாடு உண்டு.

"பக்கத்தில நிண்டு கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது. இந்தியாவில ஆத்துக்கடியில மீன் மூச்சுவிட்டா மட்டும் கேக்கும்."

"அது மீனில்லை. பாலூட்டி."

"நானும் பாலூட்டிதான்."

2

கேட்பதோடு வேலை முடிவதில்லை, குறிக்க வேண்டும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு வரி. ஓங்கில் ஒலி உண்டா, இல்லையா. மனித ஒலி உண்டா, உண்டென்றால் எந்த வகை: இயந்திரப் படகு கடந்தது, துடுப்புப் படகு கடந்தது, மீன்பிடி, கரையில் குளிப்பு, தெரியாதது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். துடுப்புப் படகுக்கு இரண்டு. மீன்பிடிக்கு மூன்று.

எங்களுக்குப் பொறுப்பாக இருப்பவள் கௌசி. இங்கே பிறந்த பிள்ளை, பெற்றோர் சாவகச்சேரி. என்னை அங்கிள் என்பாள். நான் அனுப்பும் தாள்களில் பிழை பிடிக்க முடியவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லுவாளாம்.

திங்கட்கிழமைகளில் கணினியில் கூட்டம் நடக்கும். ஆற்றங்கரையிலுள்ள அமைப்பினரும் வருவார்கள். இந்த விலங்கைக் காப்பாற்றும் வழிகளைப் பேசுவார்கள். வலைகளில் சிறு ஒலிக்கருவி கட்டி ஓங்கிலை விலக்கலாம். பற்றரி தீர்ந்தால் யார் மாற்றுவது என்ற இடத்தில் அது நிற்கிறது. ஓங்கில் எண்ணெயைத் தண்ணீரில் விட்டு மீன் கூட்டுகிறவர்களுக்கு, மீன் கழிவில் எடுத்த எண்ணெயைக் கொடுத்துப் பழக்கலாம். அதைச் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். கோடையில் கொஞ்சம் தண்ணீர் திறந்துவிடும்படி மேலேயுள்ள அணைக்கட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார்கள், பதில் வருவதில்லை. எல்லாவற்றிலும் பலன் தருவது ஒன்றுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்: கயங்களில் வலை விழாமல் பார்ப்பது. அதற்குக் காவல் வள்ளம் இரண்டு உண்டு. பத்துக் கயங்களுக்கு இரண்டு வள்ளம். அதனால் எங்கே மனித ஒலி கூடுகிறதோ அங்கே வள்ளத்தை அனுப்புவார்கள். எங்கள் தாள்களைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

3

கார்த்திகை மாதத்தில், ஏழாவது கயத்தின் பதிவொன்றில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். அங்கே விடியுமுன் பதிவானது. இங்கே நான் காலை பத்தரைக்குக் கேட்கிறேன். துடுப்புச் சத்தம். பிறகு மரத்தில் மரம் தட்டும் சத்தம். மூன்று தட்டு. ஓர் இடைவெளி. இரண்டு தட்டு. மறுபடியும் மூன்று.

ஆய்வுகூடத்தில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்கு ஹெட்போனைக் கழற்ற வேண்டியிருந்தது. விடுவலையைச் சுற்றி விட்டபின், சவள் துடுப்பால் வள்ளத்தின் விளிம்பில் தட்டி மீனை வலைப்பக்கம் வெருட்டுவது. அண்ணன் பிலிப்புடன் நான் பதினாறு வயதிலிருந்து தட்டியிருக்கிறேன். மொழி தெரியாத நாட்டில், பெயர் தெரியாத ஒருவன் அதையே தட்டிக்கொண்டிருந்தான். வலை விழக்கூடாத இடத்தில்.

மூன்று என்று குறிக்க வேண்டும். இரண்டு என்று குறித்தேன். துடுப்புப் படகு, கடந்து சென்றது.

ஏன் என்று சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் எங்கள் கடலில் கடற்படை போட்ட எல்லை இருந்தது. கரையிலிருந்து இவ்வளவு தூரம், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை, பாஸ் இருந்தால் மட்டும். எல்லைக்குள் மீன் இல்லை. பிலிப்பு அண்ணன் எல்லையைத் தாண்டிப் போவார். கரையில் நின்ற யாரோ கடற்படையிடம் அவர் பெயரைக் கொடுத்தார்கள். வள்ளம், இயந்திரம், வலை மூன்றும் போயின. பிடிபட்ட அண்ணன் ஐந்து மாதம் கழித்து வந்தார். இடது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாமல் வந்தார். இன்றுவரை அப்படித்தான். சொன்னது யார் என்று தெரியாது. ஊரில் ஆறு பேரைச் சந்தேகித்தோம். அவர்களில் குறைந்தது ஐந்து பேர் செய்யாதவர்கள். அந்த ஐந்து பேருடைய பிள்ளைகளோடும் நாங்கள் பேசாமலிருந்தோம்.

ஆகவே இரண்டு என்று போட்டேன். அடுத்த கிழமையும் போட்டேன். ஆனால் என் நாட்குறிப்பில் பொய் எழுத எனக்கு வராது. அதில் திகதி, நேரம் போட்டு, பக்கத்தில் 'தட்டு' என்று எழுதிக்கொண்டே வந்தேன். பங்குனி நடுவரை முப்பத்தொரு தடவை.

4

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கௌசி எல்லோருக்கும் ஒரு படம் அனுப்பினாள். ஆற்றுமணலில் ஒரு குட்டி ஓங்கில். என் கை நீளம்தான் இருக்கும். நீண்ட அலகைச் சுற்றி நூல் அறுத்த கோடுகள், ஒழுங்காக, சம இடைவெளியில். வலைக்கண்ணின் அளவை அந்தக் கோடுகளிலேயே சொல்லலாம். ஏழாவது கயத்துக்குச் சற்றுக் கீழே கரையொதுங்கியது என்று எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஆற்றங்கரை அமைப்பைச் சேர்ந்தவர், ஏழாவது கயத்தில் இந்தக் குளிர்காலம் முழுவதும் மீன்பிடி ஒலியே இல்லை என்று எங்கள் தாளைக் காட்டினார். அங்கே படகுகள் கடந்துதான் போயிருக்கின்றன. ஆகவே குட்டி மேலேயுள்ள ஐந்தாவது கயத்தில் வலைப்பட்டு ஆற்றோடு மிதந்து வந்திருக்க வேண்டும். குட்டி ஒதுங்கியதும் ஏழுக்கு அனுப்பிய இரண்டு காவல் வள்ளங்களையும் சித்திரை முதலாம் திகதியிலிருந்து ஐந்துக்கு மாற்றுவோம் என்றார்.

கௌசி சொன்னாள், ஏழாவது கயத்துத் தாள் நம்பக்கூடியது, அதைக் கேட்டவர் எங்களிடம் உள்ளவர்களிலேயே கவனமானவர் என்று.

சின்னக் கட்டத்துக்குள் என் முகம் தெரிந்தது. திருத்திச் சொல்லாமல் கணினியை மூடினேன். சித்திரை முதலாம் திகதிக்குப் பத்து நாள் இருந்தது.

5

அன்று மத்தியானம் ரீற்றாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியை வைக்கவில்லை.

"அந்தக் குட்டி செத்தது உங்கட கையாலயோ?"

"இல்லை."

"அப்ப ஏன் முகம் இப்பிடிக் கிடக்குது?"

"ஏழில இன்னும் நாலு நிக்குது. அதில ஒண்டு தாய். காவல் வள்ளத்தை அங்கயிருந்து எடுக்கப் போகினம். நான் எழுதினதைப் பாத்துத்தான் எடுக்கினம்."

வெங்காயத்தை முடித்துச் சட்டியில் போட்டாள்.

"அப்ப இனிச் சாகிறது உங்கட கையாலதான்" என்றாள்.

மாலையில் மகன் ரொனி பிக்கரிங்குக்குத் திரும்பும் ரயிலிலிருந்து தொலைபேசி எடுத்தான். அவன் எங்களோடு பேசுவது அந்த ரயிலில்தான்; இறங்கியதும் வைத்துவிடுவான். அவனுக்கும் சொன்னேன்.

"அப்பா, இற்ஸ் ஜஸ்ட் டேற்றா. பிழையெண்டா ஃபிக்ஸ் பண்ணுங்கோ. வை இஸ் திஸ் சச் எ பிக் டீல்?"

"அந்த மனுசனைப் பிடிப்பாங்கள், தம்பி."

"ஹீ இஸ் பிரேக்கிங் த லோ, அப்பா."

பெரியப்பாவின் கை கிரிக்கெட் விளையாடி முறிந்தது என்று ரொனி நினைத்துக்கொண்டிருக்கிறான். சின்ன வயதில் கேட்டபோது அப்படித்தான் சொல்லியிருந்தேன். திருத்துவதற்கு நேரம் வரும் என்று விட்டது, வரவில்லை. அன்றும் ரயில் நின்றுவிட்டது.

மறுநாள் காலை அண்ணனுக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம்.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கவேணும்."

"கேள். ரெண்டாம் கலியாணமெண்டா ரீற்றாவைக் கேட்டுப்போட்டு எடு."

முழுவதையும் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டார். வெளிநாட்டுக்காரனின் கதையைக் கேட்கும் பொறுமை அல்ல அது; அவருக்கு விஷயம் பிடித்துவிட்டது.

"ஆத்திலயும் தட்டுறாங்களோ! எப்பிடித் தட்டுறான்?"

"மூண்டு. பிறகு விட்டு ரெண்டு."

"ரெண்டிலயோ நிப்பாட்டுறான்?"

"ஓம்."

"அப்ப அவன் தனியாள். ரெண்டு பேரெண்டா ஒருத்தன் விடாமத் தட்டுவான். இவன் தட்டிப்போட்டு வள்ளத்தைத் திருப்ப வேணும், வலையையும் பாக்க வேணும். கஷ்டம்தான்."

நான்கு மாதம் கேட்டும் எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

"ஓங்கில் குட்டியொண்டு வலையில பட்டுச் செத்துப்போச்சு, அண்ணை."

"அது வலைக்காரனுக்கும் நட்டம்தான். வலையைக் கிழிச்சிருக்கும்."

"நான் இப்ப சொல்லட்டோ, விடட்டோ?"

அவர் சிரித்த மாதிரி இருந்தது.

"என்னட்டை ஏன்ராப்பா கேக்கிறாய்? என்னைச் சொன்னவன் என்னட்டை வந்து கேட்டுப்போட்டோ சொன்னவன்?"

பிறகு, கருவாடு வெயிலில் கிடக்கிறது, மழை வரப் பார்க்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

6

வியாழக்கிழமை நாட்குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கௌசியின் அறையில் இரண்டு கதிரைதான். ஒன்றில் பெட்டிகள் இருந்தன, இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு திகதிகளையும் நேரங்களையும் ஒரு தாளில் பிரதியெடுத்து வைத்திருந்தேன். அதை முன்னே வைத்தேன்.

"இது என்ன அங்கிள்?"

"ஏழாவது கயம். நான் ரெண்டு எண்டு போட்டதெல்லாம். அது மூண்டு."

அவள் முதல் பதிவைத் திறந்து கேட்டாள். அந்த நேரம் முழுவதும் நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த ஆற்றின் படத்தைப் பார்த்தேன். சத்தம் எப்படி உண்டாகிறது என்று சொன்னேன். மேசையின் விளிம்பில் பேனையால் தட்டிக் காட்டினேன்.

"உங்களுக்கு இது முதலே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் அங்கிள்?"

"காட்டிக்குடுக்க மனம் வரேல்லை."

"காட்டிக்குடுக்கிறதெண்டா? யாருக்குக் காட்டிறது?"

அவளுடைய பெற்றோருக்கென்றால் ஒரு சொல்லில் விளங்கியிருக்கும். நான் ஆங்கிலத்தில் தேடினேன்; கிடைத்த சொல்லில் பாரம் இல்லை. ஆகவே பிலிப்பு அண்ணனுடைய கதையைச் சொன்னேன். சொந்த மகனுக்குச் சொல்லாததை, சாவகச்சேரிக்காரரின் மகளுக்கு அரைத் தமிழிலும் அரை ஆங்கிலத்திலும் சொன்னேன். அவள் ஒரு குறிப்பும் எடுக்கவில்லை.

"ஐ ஆம் சோ சொறி அங்கிள்" என்றாள். பிறகு பதிவை மூடிவிட்டு, "பட் அந்தத் தாள் முழுக்கப் பிழை. நான் மண்டே மீற்றிங்கில உங்களை நம்பித்தான் சொன்னனான்" என்றாள்.

"ஓம். தெரியும்."

"அந்த நாலு டொல்பினும் இப்ப அங்க நிக்குது."

"தெரியும், பிள்ளை."

அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். திருத்திய தாளை அன்றே அனுப்ப வேண்டும் என்றாள். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: அந்த மனுசனுக்கு என்ன நடக்கும்?

"ஐ டோன்ற் நோ. முதல் ஊராக்களோட கதையுங்கோ எண்டு எழுதுவன். பொலிஸ் வேண்டாம் எண்டும் எழுதுவன். பட் ஐ கான்ற் ப்ராமிஸ்."

அவளுடைய கடிதத்தில் நான் ஒரு பந்தி சேர்க்கச் சொன்னேன். தட்டுகிறவன் தனியாள். விடியுமுன் அந்தக் கயத்தில் தனியாக வள்ளம் திருப்பத் தெரிந்தவன். காவலுக்கு ஆள் எடுப்பதென்றால் அவனை எடுங்கள். அந்தத் தண்ணீர் அவனுக்குத்தான் தெரியும். கௌசி அதை ஆங்கிலத்தில் அழகாக எழுதினாள். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வந்தது.

7

காவல் வள்ளங்கள் ஏழாவது கயத்திலேயே நின்றன. விடியுமுன் வருவதாக நேரத்தை மாற்றினார்கள். எனக்கு வேலை போகவில்லை. முப்பத்தொரு பதிவுகளையும் மறுபடி கேட்டுத் திருத்தும்படி சொன்னார்கள். என் தாள்களை இப்போது இன்னொருவர் சரிபார்க்கிறார். அது நியாயம். கௌசி முன்போலவே அங்கிள் என்கிறாள். ஆனால் கூட்டத்தில் என்னைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆற்றங்கரை அமைப்பினர் அந்த ஊரில் கூட்டம் வைத்தார்களாம். கயத்தில் தனியாக வலை விடுகிறவர் யார், அவருக்கு வேலை தருகிறோம் என்று கேட்டார்களாம். ஒருவரும் கை தூக்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோதுதான் என் பந்தியிலிருந்த மடமை எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் கடற்படைக்காரன் வந்து, எல்லை தாண்டிப் போகிறவர் யார், நல்ல உத்தியோகம் தருகிறேன் என்று கேட்டிருந்தால் அண்ணன் கை தூக்கியிருப்பாரா? தட்டும் சத்தத்தை அடையாளம் கண்ட எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் படிவம் நிரப்பிப் பழகியதில், உண்மையைச் சரியான கட்டத்தில் எழுதினால் உதவி வரும் என்று நானும் நம்பத் தொடங்கியிருக்கிறேன். காவல் வேலை படகுத்துறையில் தேநீர்க்கடை வைத்திருக்கிறவரின் மருமகனுக்குப் போனது.

ஒருவரையும் பிடிக்கவில்லை என்று கௌசி சொன்னாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருக்கலாம். தட்டும் சத்தம் நின்றுவிட்டது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சித்திரை முழுவதும் ஏழாவது கயத்தில் ஓங்கிலும் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம், தூரத்தில் இயந்திரம், ஒருநாள் கரையில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம். பதிவை மெதுவாக்கி ஓடவிட்டால் வெறும் இரைச்சல். நான்கும் வேறு கயத்துக்குப் போய்விட்டனவா, ஏதாவது செத்துப்போனதா என்று தெரியாமல் வரிவரியாக 'இல்லை' என்று போட்டேன்.

இந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகாலுக்கு, பொரிவு கேட்டது. முதலில் ஒன்று. பிறகு அதற்குப் பின்னால், சற்று மெல்லியதாக, இன்னொன்று. மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். இரண்டுதான்.

ரீற்றா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றியதைப் பார்த்துவிட்டாள்.

"வந்திட்டுதோ?"

"ரெண்டு வந்திருக்குது."

"நல்லது." ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "அந்த மனுசன்?"

"இல்லை."

"எங்க போயிருப்பான்?"

தெரியாது என்றேன். வேறு கயத்துக்குப் போயிருக்கலாம். அங்கே ஒலிவாங்கி இருந்தால் எங்களில் ஒருவருக்குக் கேட்கும். வலையை விற்றுவிட்டு நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கலாம். அப்படியென்றால் ஒருவருக்கும் கேட்காது. ரீற்றா கடைசிச் சட்டையையும் மடித்தாள். உடுப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு வரியை நிரப்பினேன். ஓங்கில்: உண்டு, இரண்டு. மனித ஒலி: இல்லை. போட்ட பிறகும், அந்தப் பத்து நிமிடத்தை முடிவுவரை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். இல்லைதான்.